மச்சானுக்கு ஒரு ‘ங்க’

முன்பின் தெரியாத ஆளை அதட்டுவதற்குத் தைரியம் ஒன்றும் வேண்டியதில்லை; தொண்டை இருந்தால் போதும். அக்காளைக் கட்டியவரை அதட்டிப் பார்த்தவனுக்குத்தான் அதிகாரம் என்றால் என்னவென்று தெரியும். நான் அதட்டிப் பார்த்தவன்.

யுத்த காலம். எங்கள் கம்பெனி பயிற்சிக்காக நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் ஒரு பொட்டல் காட்டில் கூடாரம் அடித்திருந்தது. எனக்கு இருபது வயது. எட்டாவது படித்தவன், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவான் என்பதற்காக என்னை லான்ஸ் நாயக் ஆக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே சிப்பாய் மட்டும்தான் உண்டு. ஆனாலும் சட்டைக் கையில் அந்த ஒற்றைப் பட்டையைத் தைத்த நாளிலிருந்து நான் அந்தக் கையை அதிகம் மடக்குவதில்லை. (பட்டை கசங்கிவிடுமாம்!)

அப்போதுதான் என் செக்‌ஷனுக்குப் புது சிப்பாயாகப் பழனியப்பன் வந்து சேர்ந்தார். என் அக்காள் புருஷன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிணறு வற்றிச் சோளம் கருகிப்போக, பட்டாளத்தில் வேளை தவறாமல் சோறு என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார்.

அதற்கு முன் லீவில் போயிருந்த என்னை வழியனுப்பும்போதே அக்காள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். “உன்ற மச்சான் வீம்பு புடிச்ச மனுசன். வெயில்ல கெடந்து சாவாரே தவிர, வாயத் தொறந்து தண்ணி கேக்கமாட்டாரு. பத்தரமாப் பாத்துக்கோ சாமி.”

முதல் நாள் பரேடு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “டேய் பழனியப்பா, கைய நேரா வையி!” என்றேன்.

மச்சான் கையை நேராக வைக்கவில்லை. இடுப்பில் வைத்தார்.

“என்ன பேச்சு மாப்ளே இது? என்ற கல்யாணத்துல எனக்குக் குடை புடிச்சவன்தான நீயி?”

செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. பட்டை தைத்திருந்த கையை நான் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அன்று சாயங்காலம் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் சமாதானப் பேச்சு நடந்தது. மச்சான் பெருந்தன்மையாகத்தான் இருந்தார். “நீ குதின்னா குதிக்கறேன், ஓடுன்னா ஓடறேன். மரியாதையா ஒரு ‘ங்க’ போட்டுச் சொல்லு. அவ்வளவுதான் நாங் கேக்கறது.”

ஒரே ஒரு எழுத்துக்காக ஏன் சண்டை என்று ஒப்புக்கொண்டேன். (உண்மையில் அது ஒரு எழுத்து இல்லை, இரண்டு. அன்றைக்கே எண்ணியிருக்க வேண்டும்.)

மறுநாள் எல்லோருக்கும், “அட்டென்ஷன்!” என்று கத்திவிட்டு, மச்சான் பக்கம் திரும்பி மெதுவாக, “அட்டென்ஷனுங்க” என்றேன். மனிதர் வெண்கலச் சிலை மாதிரி நின்றார். ஆனால் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அவருக்கு மட்டும்தானுங்களா? நாங்கெல்லாம் மனுசங்க இல்லீங்களா?”

அந்த வாரத்துக்குள் என் செக்‌ஷன் முழுவதும் ‘ங்க’ இல்லாமல் அசைய மறுத்துவிட்டது. “ரைட் டர்னுங்க! லெஃப்ட் வீலுங்க! ஹால்ட்டுங்க!” என்று கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிறவனைப் போல நான் ட்ரில் நடத்திக்கொண்டிருந்தேன்.

சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் கம்பெனியில் அவர் மீசையைப் பார்த்துத்தான் கொடிக்கம்பமே விறைப்பாக நிற்கும். ஒரு நாள் அவர் என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

“இன்னாடா இது? பட்டாளமா, பந்தியா? இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்கன்னு சொல்லலையா நீ?”

“இல்லீங்க சார்...”

“சனிக்கிழமை கேப்டன் துரை வந்து பாக்கப்போறாரு. இன்னொரு ‘ங்க’ என் காதுல உழுந்தா, அந்தப் பட்டைய நானே கிழிச்சுடுவேன்.”

சனிக்கிழமை காலையில் துரை வருவதற்கு முன்பே செக்‌ஷனை மைதானத்தில் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, “செக்‌ஷன், அட்டென்ஷன்!” என்று கத்தினேன். ‘ங்க’ இல்லை. கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் அரை மனதாக நின்றிருந்தார்கள். மச்சான் மட்டும் நடந்துபோய்ப் பனைமர நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. “எந்திரிடா! துப்பாக்கியத் தலைக்கு மேல தூக்கு! மைதானத்தச் சுத்தி ஓடு!”

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார். துப்பாக்கியைத் தூக்கினார். ஓடத் தொடங்கினார்.

ஆகா, பணிந்துவிட்டார் என்று பூரித்துப்போனேன். ஒரு சுற்று முடிந்ததும் தாராள மனதோடு, “போதும், நில்லு” என்றேன்.

அவர் என்னைக் கடந்து ஓடினார்.

“ஹால்ட்!”

ஓடினார். அடுத்த சுற்றில் என் அருகே வந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “சொல்ற மாதிரி சொல்லு மாப்ளே. நிக்கறேன்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சானின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. உதடு வெளுத்துவிட்டது. தூக்கிய கைகள் ஆடின, கால் ஒன்று பின்னியது. ஆனாலும் நிற்கவில்லை. நான் அவர் பின்னாலேயே ஓடி, “மச்சான், நில்லுங்க” என்று கிசுகிசுத்தேன். அவர் காதில் ரத்தம் இரைகிற இரைச்சலில் அது எங்கே கேட்கும்? அக்காளின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதே சமயத்தில் மைதானத்தின் அந்த மூலையில் சுபேதாரும் கேப்டன் துரையும் வந்தார்கள்.

நான் பட்டையைப் பார்த்தேன். தள்ளாடி ஓடுகிற மச்சானைப் பார்த்தேன். அப்புறம் மோகனூர்க் காவேரிக்கு அக்கரை வரை கேட்கும்படி கத்தினேன்.

“மச்சான், நில்லுங்க! உங்க கால்ல உழறேனுங்க!”

டக்! மச்சான் நின்றார். குதிகால் இரண்டும் ஒட்டி, மார்பு நிமிர்ந்து, துப்பாக்கி இறங்கிப் பக்கத்தில் வந்து, அப்படியொரு ஹால்ட்டை அந்த மைதானம் பார்த்ததில்லை.

துரை புருவத்தை உயர்த்தினார். அது என்ன உத்தரவு என்று சுபேதாரைக் கேட்டார். சுபேதாரின் மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. கம்பெனியின் மானம் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

“லோக்கல் கமாண்ட், சார்” என்றார்.

துரைக்குப் பரம சந்தோஷம். “குட், வெரி குட்!” என்றவர், மொத்த செக்‌ஷனையும் அதே உத்தரவில் நிறுத்திக் காட்டச் சொல்லிவிட்டார்.

மச்சானுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களை நடக்கவிட்டேன். அவர்கள் அணிவகுத்து வந்தார்கள். துரை காத்திருந்தார். சுபேதார் வானத்தைப் பார்த்துக்கொண்டார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரதிநிதிக்கு முன்னால் நான் விறைத்து நின்று, அடிவயிற்றிலிருந்து முழங்கினேன்: “மச்சான், நில்லுங்க! உங்க கால்ல உழறேனுங்க!”

டக்! அத்தனை கால்களும் ஒரே சத்தம். ஆத்தூர்க்காரன் ஒருவனுக்கு மட்டும் அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது. அதையும் துரை வீரத்தின் துடிப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஜீப் மறைந்ததும் சுபேதார் பேனாக்கத்தியை எடுத்து, என் பட்டையைத் தையல் தையலாகப் பிரித்தார். கையோடு அதை மச்சானின் மடியில் போட்டார். “இந்தா, வச்சுக்க. சொன்ன சொல்லுல நிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.”

திங்கட்கிழமை பரேடில் லான்ஸ் நாயக் பழனியப்பன் என் முன்னால் வந்து நின்றார். “டேய், வயித்த உள்ள இழு!”

“மச்சான், ஒரு ‘ங்க’ போட்டு...”

“பட்டாளத்துல ஏதுடா மச்சான்?”

லீவில் ஊருக்குப் போனபோது மச்சான் இதை நடித்தே காட்டினார். அக்காள் அழுதுகொண்டே சிரித்தாள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. யுத்தம் முடிந்து, துரைகள் கப்பலேறிப்போய், எங்கள் ஊருக்கு பஸ் விட்ட பிறகும் குடும்பத்தில் எனக்கு அந்த வேலைதான். ஸ்டாப்பில் நிற்காமல் பஸ் கிளம்பிவிட்டால் யாரும் பதறுவதில்லை. அக்காள் பையைக் கீழே வைத்துவிட்டு, “உன்ற கமாண்டப் போடு சாமி” என்பாள்.

ஒரு தடவை ராசிபுரம் பஸ்ஸுக்கு நிஜமாகவே கத்தினேன். பஸ் நின்றுவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, கால்லயெல்லாம் எதுக்குங்க? ஏறுங்க!”