மக்கள் விரும்பி நிற்கும் இடம்

மனிதன் நகரம் கட்டத் தொடங்கிய நாள்முதலாகத் தீராமல் இருந்த பிரச்சினைகள் அனைத்தையும் ஆக்லாந்தின் நகர மலர்ச்சி அலுவலகம் ஒரேயொரு சுற்றறிக்கையில் தீர்த்துவைத்தது. இனிமேல் எதையும் 'பிரச்சினை' என்று அழைக்கக்கூடாது என்பதுதான் அந்தச் சுற்றறிக்கை. வாடகை ஏறினால் அது 'சவால்'. ஏறிய வாடகையைக் கொடுக்க முடியாமல் வேறிடம் போனால், அது புதிய இடங்களைப் பார்ப்பதற்கான 'வாய்ப்பு'. இவ்வளவு எளிய தீர்வு ரோமாபுரிக்கு ஏன் தோன்றவில்லை என்பது தெரியவில்லை. அங்கே சுற்றறிக்கை அனுப்பும் வசதி குறைவாக இருந்திருக்கலாம்.

இப்படியான பொற்காலத்திலும் அந்நகரின் ஒடாஹுஹு என்ற புறநகரில் ஒருத்தி பிரச்சினையோடு வாழ்ந்துகொண்டிருந்தாள் என்பதை வருத்தத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. அவள் பெயர் யோகராணி.

விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைத்து அனுப்பும் சமையல்கூடம் ஒன்றில் அவளுக்கு விடியற்காலை வேலை. பார்மசிக்கு முன்னால் இருக்கும் தரிப்பிடத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கணவர் ஆனந்தராசாவுக்குச் சீனி வருத்தத்தில் கண் மங்கி, இனிக் கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வீட்டு மோர்ட்கேஜ், மின்சாரக் கட்டணம், ஆனந்தராசாவின் மருந்து எல்லாமே அந்த ஒரு பஸ்ஸில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அந்தத் தரிப்பிடத்தில் ஒருநாள் வண்ண வண்ணமாக ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. 'நடை மகிழ்ச்சித் திட்டம்'. தரிப்பிடம் அகற்றப்பட்டு, அங்கே பூந்தொட்டிகளும் சாய்விருக்கைகளும் கொண்ட 'மகிழ்ச்சிச் சதுக்கம்' அமையும். பஸ் இனி ரயில் நிலையத்தடியில் நிற்கும். மக்கள் அதுவரை நடந்து மகிழலாம்.

அவ்வளவு தூரம் மகிழ யோகராணியின் முழங்கால் சம்மதிக்காது. முழங்காலிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஆனால் மற்ற எல்லாரிடமும் கேட்டார்கள்: நூலகத்தில் கூட்டம், அனைவரும் வருக.

யோகராணி முதல்நாளே உருளைக்கிழங்கு அவித்து, ரின்னில் அடைத்த மீனைப் பிசைந்து, ரோல்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டாள். எண்ணெய் வாசம் பிடித்து ஆனந்தராசா குசினிக்குள் வந்தார்.

"என்னப்பா, நீர் நியாயம் கேக்கப் போறீரோ, கலியாணவீட்டுக்குப் போறீரோ?"

"கந்தோர் ஆக்களிட்டை வெறுங்கையோட போறதே? வயிறு நிறைஞ்சாத்தான் காது திறக்கும்."

"அது எங்கடை ஆக்களுக்கு. வெள்ளைக்காரனுக்குக் காது வேறை, வயிறு வேறை."

"எல்லா மனுசருக்கும் உள்ளுக்கை ஒரே குழாய்தான். தட்டிலை கை வையாதேங்கோ, எண்ணி வச்சிருக்கிறன்."

நூலகத்தில் அவளை வாசலிலேயே வரவேற்றவள் தேவதர்ஷினி. சென்னையிலிருந்து படிக்க வந்து, இப்போது அலுவலகத்தின் 'சமூக ஈடுபாட்டு ஒருங்கிணைப்பாளர்' ஆகியிருந்தாள். "வாங்க ஆன்ட்டி! சமூகமே வரலியேன்னு பயந்துட்டிருந்தேன்" என்றாள். யோகராணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. சமூகம் என்பது தான்தான் என்று விளங்கிக்கொண்டாள்.

மேடையில் நைஜல் இருந்தார். பிரித்தானியாவின் வடக்கே ஒரு நகரத்தை முழுதாக மலரவைத்துவிட்டு, அந்த மலர்ச்சியைக் கணினியில் அடைத்து இங்கே கொண்டுவந்திருந்த நிபுணர். திரையில் அவர் காட்டிய 'நாளைய ஒடாஹுஹு'வில் செங்கல் ஆலைகள் இருந்தன; ஒரு கால்வாய் ஓடியது; கால்வாயில் வாத்துகள் நீந்தின.

"இஞ்சை எங்கை பிள்ளை கால்வாய்?" என்று யோகராணி மெல்லக் கேட்டாள்.

"அது ரெண்டாவது கட்டத்துல வரும் ஆன்ட்டி."

"அப்ப வாத்து?"

"கால்வாய் வந்துட்டா வாத்து தானா வரும்."

எல்லாருக்கும் ஒட்டும் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. பச்சை, வாய்ப்புக்கு. செம்மஞ்சள், சவாலுக்கு. பஸ் தரிப்பிடம் இல்லாமல் போவதை எதில் எழுதுவது என்று யோகராணி கேட்டபோது, "செம்மஞ்சள்ல எழுதுங்க ஆன்ட்டி, ஆனா கொஞ்சம் பச்சையா எழுதுங்க" என்று ஆலோசனை கிடைத்தது.

அவள் முறை வந்தது. வீட்டில் பாடமாக்கி வந்திருந்த ஆங்கில வசனத்தை எழுந்து நின்று தொடங்கினாள். தேவதர்ஷினி பதறி அவள் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, தமிழ்ல பேசுங்க ஆன்ட்டி! 'தாய்மொழிக் குரல்'னு எங்களுக்குத் தனியா மார்க் இருக்கு. நான் மொழிபெயர்க்கிறேன்."

யோகராணிக்குத் தன் ஆங்கிலத்தின்மேல் எப்போதுமே சந்தேகம் உண்டு. ஆகவே தமிழுக்கு மாறினாள். "பஸ் ஹோல்ட்டை எடுத்தியளெண்டால் என்ரை வேலை போயிடும். வேறை ஒண்டும் கேக்கேல்லை. அதை மட்டும் விடுங்கோ."

தேவதர்ஷினி அதை ஒழுங்காகவே மொழிபெயர்த்தாள். ஆனால் அந்தக் கணத்தில் நைஜல் முதலாவது ரோல்ஸைக் கடித்துவிட்டிருந்தார். அவர் கண்களை மூடினார். சவாலை ஆழமாக உள்வாங்குகிறார் என்றே யோகராணி நினைத்தாள். சபை காத்திருந்தது. கண் திறந்த நைஜல் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"இதற்குள் இருப்பது மீனா?"

அதன் பிறகு கூட்டம் உண்மையிலேயே மலர்ந்தது. சுவர் முழுக்கப் பச்சைச் சீட்டுகள். 'மொறுமொறுப்பு' என்று ஒருவர் எழுதினார். 'பன்மைத்துவம்' என்று இன்னொருவர் எழுதினார். அவருக்கு இரண்டு ரோல்ஸ் கிடைத்திருந்தன. கை துடைக்கக் கடதாசி போதவில்லை. யோகராணியின் செம்மஞ்சள் சீட்டு அந்தத் தேவையை நிறைவேற்றியது.

வீட்டில் ஆனந்தராசா காத்திருந்தார். "என்னவாம்?"

"நல்ல மனுசர். வடிவாக் கேட்டவை."

"என்னத்தைக் கேட்டவை?"

"ரெசிப்பியை."

தவறு எங்கே நடந்தது என்று யோகராணி படுத்தபடி யோசித்தாள். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு ரோல்ஸ் போய்ச் சேரவில்லை. அவர்கள்தான் முடிவெடுக்கிறவர்களாக இருக்கவேண்டும். ஆகவே இரண்டாம் கூட்டத்துக்கு ரோல்ஸோடு பொரித்த பற்றீஸும் கொண்டுபோனாள். "மூண்டாங் கூட்டத்துக்கு இலையும் கொண்டுபோம்" என்றார் ஆனந்தராசா. மூன்றாம் கூட்டம் தேவைப்படவில்லை. 'மக்கள் மகிழ்ச்சிச் சதுக்கத்தை, விசேடமாக அதன் உணவுப் பண்பாட்டை, ஒருமனதாக வரவேற்றனர்' என்று அறிக்கை வெளியாகிவிட்டது. அட்டையில் தட்டோடு யோகராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

தரிப்பிடம் போயிற்று. முழங்காலை இழுத்துக்கொண்டு அவள் ரயில் நிலையத்தடிக்குப் போய்ச் சேரும்போது பஸ் மங்கரேயை நெருங்கியிருக்கும். சமையல்கூடத்து மேற்பார்வையாளர் சில கிழமைகள் பொறுத்துப் பார்த்தார். பிறகு அந்த வேலையைக் கார் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தார். குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிடுவது உடம்புக்கு நல்லது என்று யோகராணியிடம் அன்போடு சொன்னார்.

சதுக்கத் திறப்புவிழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அவள்தான். நாடா வெட்டிய கையோடு தரிப்பிடத்தைத் திருப்பிக் கேட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள். தட்டு கொண்டுபோகவில்லை. மீன் ரின் வாங்குவதையும் இப்போது யோசித்துத்தான் செய்யவேண்டியிருந்தது.

பூந்தொட்டிகள் வந்திருந்தன. சாய்விருக்கைகள் வந்திருந்தன. நைஜல், தேவதர்ஷினி, படம் பிடிப்பவர் ஆகியோரும் வந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. ஒரு கடற்பறவை மட்டும் இருக்கையில் சாய்ந்து மகிழ்ந்துகொண்டிருந்தது.

நைஜல் நாலாபக்கமும் பார்த்தார். அவர் குழம்பிப்போனது முகத்தில் தெரிந்தது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே கணக்கெடுப்பை வைத்துத்தான் என்றார். ஒடாஹுஹு முழுவதிலும் மக்கள் தாமாக வந்து கூடும் இடம் இதுதான். ஒவ்வொரு காலையும், இருட்டோடு வருவார்கள். மழை பெய்தாலும் கலையமாட்டார்கள். எல்லாரும் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்பார்கள். ஓர் இடத்தின்மேல் இத்தனை பற்று வைத்த மக்களைத் தன் தொழில் வாழ்க்கையிலேயே கண்டதில்லை என்றார். அவர்கள் எல்லாரும் இன்று எங்கே? சமூகத்திடம் கேட்டுச் சொல் என்று தேவதர்ஷினியைப் பார்த்தார்.

"சொல்லும் பிள்ளை அவருக்கு" என்றாள் யோகராணி. "அதுகள் இடத்தைப் பார்க்க வந்த சனம் இல்லை. பஸ்ஸுக்கு நிண்ட சனம். பஸ் இல்லையெண்டால் ஆர் வருவினம்? ஹோல்ட்டைத் திருப்பி வையுங்கோ."

தேவதர்ஷினி நைஜல் பக்கம் திரும்பி, "இந்த நாளுக்காக எல்லாரும் நெடுங்காலம் பொறுமையாக நின்றிருந்தார்கள் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நைஜல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். படம் பிடிப்பவர் அதைப் படம் பிடித்தார்.

"பிள்ளை," என்றாள் யோகராணி, "இந்த நாட்டுக்கு வந்து எனக்கு இருவது வருசம். இங்கிலீசு பேசத்தான் பயம். விளங்கும்."

தேவதர்ஷினி கமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் பதில் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. அந்தக் கணக்கை எடுத்ததே நான்தான். அதை வச்சுத்தான் எனக்கு இந்த வேலை, விசா எல்லாம்."

"அப்ப அவையள் ஏன் நிண்டவையெண்டு உமக்குத் தெரியாதே?"

"எப்படித் தெரியாம இருக்கும்? எண்ணி முடிச்சுட்டு நானும் அதே பஸ்லதானே ஏறிப் போவேன்."