சேறு டாக்டரின் ஸ்பீக்கர் போன்

தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை சேறு டாக்டரிடம் திட்டு வாங்காத கண்ணே கிடையாது. கண் டாக்டர்தான். மழைக்காலத்தில் யார் சிவந்த கண்ணோடு போனாலும், உட்காரச் சொல்வதற்கு முன்பே, "எந்தச் சேத்துல விழுந்தீங்க?" என்று கத்துவார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான் விழவில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போன புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்! மழைத் தண்ணீர் தேங்கி நாறிய அந்தப் பள்ளத்தில் ஒரு தண்ணி லாரி இறங்கி, சேற்றை என் முகத்தில் வாரியடித்துவிட்டு நிற்காமல் போனது. சில நாட்களில் இடது கண் சிவந்து, உறுத்தி, நீராகக் கொட்டியது.

"மாமா, இது மெட்ராஸ் ஐ. எனக்கு வந்தப்போ இதைத்தான் வுட்டேன்" என்று என் மனைவியின் தம்பி பாலு, மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தை நீட்டினான். விட்டால் சிவப்பு குறையும். நிறுத்தினால் திரும்பி வரும். ஒரு கட்டத்தில் எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. நானோ அச்சகத்தில் பிழைதிருத்துகிறவன். கண் போனால் சோறு போச்சு. டாக்டரிடம் ஓடினேன்.

மருந்து பாட்டிலைப் பார்த்ததும் அவர் மீசை துடித்தது. "ஸ்டீராய்டு! யார் குடுத்தது?"

"மச்சான் சார்."

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

வெளியே காத்திருந்த கூட்டம் முழுக்கக் கேட்டது.

"நீ எந்த காலேஜ்ல கண்ணுக்குப் படிச்சே?"

"சார், நான் ஏசி மெக்கானிக் சார்..."

"அப்ப ஏசிக்கு சொட்டு மருந்து வுடு!"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணு தெரியாம வந்திருக்கேன், இப்படிக் கத்துறீங்களே சார்!"

"கண்ணு தெரியாம வந்ததாலதான்யா கத்துறேன்!"

மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டினார். அப்போது மட்டும் அந்தக் குரல் தாழ்ந்தது. "ஆடாதீங்க... அவ்ளோதான்... முடிஞ்சுது."

சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மறுபடி திட்டு ஆரம்பித்தது.

"மைக்ரோஸ்போரிடியா! சேத்துத் தண்ணியில வர்ற கிருமி. பாக்க மெட்ராஸ் ஐ மாதிரியே இருக்கும். ஸ்டீராய்டு விட்டா சிவப்பு அடங்கும், இவன் அடங்க மாட்டான். சுரண்டினதே பாதி வைத்தியம். மீதிக்கு நான் எழுதறதை மட்டும் விடுங்க. மச்சான் பேச்சைக் கேட்டீங்க, தொலைச்சிடுவேன்!"

அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் திட்டுத்தான். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த பலகையின் கடைசி வரியை, அந்தப் பொடி எழுத்தை, தடுமாறாமல் படித்தேன். டாக்டர் வாயே திறக்கவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"இன்னிக்குத் திட்டலையா சார்?"

"எதுக்குய்யா? அதான் தெரியுதே" என்றவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மழைக்கும் அந்தப் பள்ளத்தை மூடவில்லை. தாண்டும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனால் என் ஒரு கண்ணுக்காக அத்தனை கோபப்பட்ட மனிதர் நன்றாக இருக்கட்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.