டிரெய்லரில் ஏறிய 390 கிலோ

எடை என்றால் என்ன என்பதை உலகுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி ஒரு தோட்டத்துக்கு உண்டென்றால், அது லிந்துலைக்கு மேலே இருக்கும் குதிரைப்பந்தித் தேயிலைத் தோட்டம்தான். அங்கே நிர்வாகத்துக்குத் தெரியாமல் ஒரு கிலோகூட அசையாது. ஆகவே, டிரெய்லரில் எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்ற சட்டத்தைப் பற்றி ‘விழிப்புணர்வுக் கருத்தரங்கு’ நடத்தவேண்டும் என்று தோட்ட மேலாளரான துரைக்குத் தோன்றியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

கருத்தரங்குக்கு வந்தவர் ஒருவர், டிராக்டர் சாரதி ஜீவராஜ். தோட்டத்தில் ஒரே டிராக்டர்தான் என்பதால் மண்டபம் நிறைந்ததாகவே கொள்ளப்பட்டது. துரை குத்துவிளக்கேற்றினார். பிறகு பலகையில் எழுதினார். டிரெய்லரின் காலி எடை ஆயிரம் கிலோ. பாரத்தோடு மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஆக, கொழுந்து இரண்டாயிரம். தாண்டினால் சாரதியின் லைசன் போய்விடும்.

ஜீவராஜ் எழுந்து நின்றான். லைசன் போனால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை.

“தொரை, கொழுந்து ஏத்திக்கிட்டு எறக்கத்துல வந்தா டிரெய்லர் பின்னால இருந்து தள்ளுதுங்க. பிரேக்குக்கு அடங்க மாட்டேங்குது. பாரம் கூடன்னு நெனைக்கிறேன்.”

“கொழுந்து நிறுத்து எழுதின துண்டுல எவ்வளவு போட்டிருக்கு?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுங்க.”

“அப்ப தள்ளாது.”

“தள்ளுதுங்க.”

“துண்ட ஒருக்கா நல்லாப் படிச்சிட்டு ஓட்டு. தள்ளாது.”

இது சாரதியின் மனக்கோளாறு என்று குறித்துக்கொண்ட துரை, ‘மனஅழுத்த முகாமைத்துவ’த்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கினார். ஜீவராஜ் கண்ணை மூடி மூச்சு விட்டான். இனிமேல் தான் கையெழுத்திட்ட துண்டு எந்நேரமும் சாரதியின் பையில் இருக்கவேண்டும் என்ற கட்டளையோடு கருத்தரங்கு இனிதே முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பெரிய ரோட்டில் வாகனப் பரிசோதகர் தராசோடு நின்றார். கினிகத்தேனைக்காரர், சிங்களவர் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவார். டிரெய்லரைத் தராசில் ஏற்றச் சொன்னார்.

“மூவாயிரத்து முந்நூத்தி நாப்பது. லைசனக் குடுங்க.”

ஜீவராஜ் லைசனையும் துண்டையும் சேர்த்தே கொடுத்தான். பரிசோதகர் துண்டை இரண்டு தடவை படித்துவிட்டுத் துரைக்கு அழைப்பெடுத்தார். பத்தே நிமிடத்தில் ஜீப் வந்தது. கருத்தரங்கில் எடுத்த படங்களும் கூடவே வந்தன.

“சட்டத்த நாங்க முழுசா மதிக்கிறவங்க சேர். துண்டுல என் கையெழுத்தே இருக்கு.”

“அப்ப இந்த முந்நூத்தித் தொண்ணூறு கிலோ எங்கயிருந்து வந்துச்சு?”

“அத நீங்க சாரதியத்தான் கேக்கணும்,” என்றார் துரை பெருந்தன்மையோடு.

ஜீவராஜ் வாயைத் திறந்தான். ஆறு வருடமாக ‘சரிங்க தொரை’ மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அது.

“வழியில எங்கயும் நிப்பாட்டலைங்க ஐயா. எல்லாம் மலையில ஏத்துனதுதான். காலையில நிறுக்கும்போது கொழுந்து பறிக்கிற ஆளுக்கு மூணு கிலோ கழிப்பாங்க, மத்தியானம் மூணு. தண்ணிக்கும் சாக்குக்கும்னு சொல்லுவாங்க. இன்னைக்கு அறுவத்தஞ்சு பேரு வேலைக்கு.”

பரிசோதகர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். பிறகு டிரெய்லரில் கைவிட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளினார். இரண்டு வாரமாக மழையில்லை. கை நனையவில்லை.

“கழிவு எடையில சேராது சேர்,” துரை கருத்தரங்குக் குரலுக்கு வந்துவிட்டார். “அது தோட்டத்து வழக்கம். நீங்களும் அதக் கழிச்சிட்டுப் பாருங்க. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுதான். சட்டத்துக்குள்ளதான் நிக்கிறோம்.”

“என் தராசுக்கு அந்த வழக்கம் தெரியாது.” பரிசோதகர் ஒரு படிவத்தை எடுத்தார். “துண்டுல போட்டதுக்கு மேல இருக்கிறத எறக்கி, சொந்தக்காரங்ககிட்ட ஒப்படைச்ச பொறகுதான் வண்டி போகலாம். யாரோடது இது? தோட்டத்தோடதா?”

தன்னுடையது என்றால் கையெழுத்திட்ட துண்டு பொய்யாகும். ஒவ்வொரு கிலோவையும் பெயர் சொல்லி அறிந்த துரை, எதிரே இருந்த மலையை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் லைசனை ஜீவராஜிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். “நீங்க சொல்லுங்க.”

“எழுதிக்கங்க ஐயா. வீரம்மா, ஆறு கிலோ. சண்முகவடிவு, ஆறு கிலோ. நிஷாந்தி, ஆறு கிலோ. அழகம்மா…”

பதினோராவது பெயரோடு படிவத்தில் இடம் தீர்ந்துபோனது. இன்னும் ஐம்பத்து நான்கு பேர் பாக்கி. அதுவும் அந்த ஒரு நாளைக்கு மட்டும்.