மஹ்ரூஸின் அடிமரம் குஸைர் வந்த கதை

மஹ்ரூஸ் டீ கிளாஸை டக்கென்று வைத்துவிட்டுச் சபதம் போட்டார்.

"நான் கட்டற படகுக்கு அடிமரம் குஸைர் வந்து சேர்ற அன்னிக்குத்தான் கல்யாணத் தேதி சொல்லுவேன். அதுவரைக்கும் இந்த வீட்ல எவனும் வாயத் திறக்கக் கூடாது."

வீட்டில் எவனும் இல்லை. மனைவி சனிய்யாவும் மகள் நிஸ்மாவும்தான் இருந்தார்கள். நிஸ்மாவுக்கு நிச்சயமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளை வஹீத் பொறுமைசாலி, புது வீடுகூட வாடகைக்குப் பிடித்துவிட்டான். மஹ்ரூஸ் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வஹீதின் அம்மாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஹஜ் பெருநாளுக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் வேறு பெண் பார்ப்பேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். நாலு நாளாக நிஸ்மா அழுதுகொண்டேதான் மீன் கழுவினாள்.

அடிமரமோ வடக்குக் கோடியில், மரச்சாமானுக்குப் பேர்போன தும்யாத்தில் கிடந்தது. ஒன்பது மீட்டர், ஒற்றைத் துண்டு. கூடவே கதவு அகலத்துக்கு ஒரு சுக்கான். செங்கடல் கரையிலிருக்கும் குஸைருக்கு ஒரு முழுநாள் ஓட்டம். லாரிக்காரர்கள் கேட்ட வாடகையில் இன்னொரு மரமே வாங்கிவிடலாம்.

"நீளச் சாமானுக்கு ரெட்டை வாடகை, ஹாஜி," என்றது போன்.

"ஏன், அது என்ன ரெண்டு சீட்லயா உக்காரப்போகுது?"

"வழியில போலீஸ் நிறுத்துவானே."

"நிறுத்தட்டும். பகல் கொள்ளைக்காரன் நீதான்னு நானே சொல்றேன்."

போனைச் சோபாவில் விட்டெறிந்தார். அன்றைக்கு அது ஒன்பதாவது லாரி.

சனிய்யா வெண்டைக்காய் நறுக்கியபடியே சொன்னாள்.

"தும்யாத்லேருந்து ஒரு கல்யாண வீட்டுக் கட்டில், பீரோ எல்லாம் இங்க வருதாம். எங்க அண்ணன் சொன்னாங்க. அடியில மரத்தைப் போட்டு, மேல சாமானை அடுக்கிக்கலாமாம்."

"எவ்வளவு பிடுங்கறான்?"

"ஒண்ணும் வேணாமாம். தெருவுல லாரிக்கு வழி பண்ணிக் குடுத்து, சாமான் எறக்க ஒரு கை குடுத்தாப் போதுமாம்."

மஹ்ரூஸ் ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எந்த ஏமாளி அப்பன் அவன்? பொண்ணுக்குத் தும்யாத் கட்டில்தான் வேணுமாமா?"

"இருக்கார் ஒருத்தர்," என்றாள் சனிய்யா. "கோவக்காரர். மத்தபடி நல்ல மனுஷன்."

வியாழக்கிழமை அசர் தொழுகை முடிந்ததும் லாரி வந்தது. மரத்தின் வால் மூன்று மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் சிவப்புத் துணி. மேலே மலைபோல் சீர்சாமான்.

"மரத்த எறக்குடா."

"மேல இருக்கறது எறங்காம அது அசையாது, ஹாஜி."

"அப்ப அந்த ஏமாளி வீட்டுக்குச் சீக்கிரம் விடு."

டிரைவர் வழி சொல்ல, லாரிக்கு முன்னால் அவரே நடந்தார். பின்னால் மேளம், கைதட்டல். கல்யாணச் சாமான் குஸைரில் சத்தமில்லாமல் போனதே கிடையாது. ஊரே பார்க்க ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டு மாடி ஏறிவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்கப்புறம் பின்வாங்கும் அப்பன் தெருவில் தலைகாட்ட முடியாது.

"எவண்டா இங்க ஆட்டோவ நிறுத்துனவன்? எடுறா. அந்தத் துணிக் கொடிய அவுத்துடும்மா, சட்டை கிழிஞ்சா நான் பொறுப்பில்ல."

வழியெல்லாம் "மப்ரூக், அபு நிஸ்மா" என்று நிஸ்மாவின் அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு அடிமரத்துக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று அவருக்கே ஆச்சரியம். தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

லாரி நின்றது. மற்றவர்கள் ஆடி அசைந்து இறக்குவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. நிலைக்கண்ணாடியைத் தானே தூக்கி மூன்று மாடி ஏறினார். கதவு திறந்தது. வஹீதின் அம்மா நின்றிருந்தாள். அவள் போட்ட குலவையில் மஹ்ரூஸுக்குக் காது அடைத்துப்போயிற்று. கண்ணாடியை இறக்கி வைத்தார். அதில் முதலில் தெரிந்தது அந்த ஏமாளியின் மூஞ்சி.

"சனிய்யா..."

"கத்தாதீங்க. கண்ணாடி புதுசு." அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள்.

"யாரு காசுடி இது?"

"என்னுது. ரெண்டு வருஷம் சீட்டுக் கட்டினேன்."

"எனக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சிருந்தா அதுவும் படகாயிருக்கும்."

"இப்பவே எல்லாத்தையும் திருப்பி ஏத்தச் சொல்றேன் பாரு."

"ஏத்துங்க. மரம் மறுபடி அடியில மாட்டிக்கும்."

மஹ்ரூஸ் ஜன்னல் வழியே பார்த்தார். தெரு முழுக்க ஜனம். அவர் கண்ணாடி சுமந்ததை எல்லோரும் பார்த்தாயிற்று. ஓரத்தில் நிஸ்மா முக்காட்டைக் கடித்தபடி அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தப்போனவர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

"மரம் குஸைர் வந்து சேர்ந்தாச்சு," என்றாள் சனிய்யா. "தேதி சொல்லுங்க."

மஹ்ரூஸ் பல்லைக் கடித்தார். ஒரு நாளாவது தன் இஷ்டத்துக்கு நடக்கவேண்டும். எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளினார்.

"பெருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை. ஒரு நாள் முன்னாடி கிடையாது."

"தெரியும்," என்றாள் சனிய்யா. "கடைசி வியாழனத்தான் சொல்லுவீங்கன்னு அந்த நாளுக்கே மண்டபம் பிடிச்சு வெச்சிருக்கேன்."