சிவப்புக் கட்டத்தைத் தொடாதீர்கள்

சனி பகவான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டார் என்ற செய்தி விருத்தாசலத்தில் முதலில் என் கடைக்குத்தான் வந்தது. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் ஜெயசுடர் மெட்ரிக் பள்ளி. அதற்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. அன்று காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே ஆதார் அட்டையும் கையுமாக ஒரு கூட்டம் நின்றது. ரேஷனில் ஏதோ இலவசம் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் இல்ல தர்மராஜண்ணே. ஸ்கூல்ல டைம்டேபிள் போடறாங்க" என்றாள் கொளஞ்சி. பொம்மைக் கம்பெனியில் அச்சுக்குள் மண் கரைசல் ஊற்றுகிறவள். அவள் மகன் அங்கே எட்டாவது படிக்கிறான்.

"டைம்டேபிள் போடறதுக்கு உன் ஆதார் எதுக்கும்மா?"

"சாதா டைம்டேபிள் இல்லண்ணே. எந்த டீச்சரு, எந்த ரூம்ல, எந்த நேரத்துல பாடம் எடுத்தா புள்ளைங்களுக்கு மண்டையில ஏறும்னு கெரகத்த பாத்து கம்ப்யூட்டரே போடுதாம். பெத்தவங்க ஜாதகமும் சேரணுமாம். ஆதார்லதான பொறந்த தேதி இருக்கு."

எனக்கு வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மகள் சண்முகப்ரியாவும் அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளை.

இந்தப் புரட்சியைச் செய்த மகான் பெயர் பிரபாகரன். ஊரில் நுழையும்போதே பிரபாகர்ஜி ஆகிவிட்டார். நெற்றியில் பட்டை, காதில் புளூடூத், கையில் லேப்டாப். பள்ளியின் தாளாளர் பழமலைநாதனை ஒரே சந்திப்பில் மடக்கிவிட்டார். பழமலைநாதன் லேசுப்பட்ட ஆளில்லை. இரண்டு சூளை வைத்திருக்கிறார். கிளி ஜோசியக்காரன் வாசலுக்கு வந்தால் விரட்டி அடிப்பார். ஆனால் அவர் சூளையில் சூடு பார்க்கிற டிஜிட்டல் மீட்டர் ஒன்று இருக்கிறது. அது வந்த நாளிலிருந்து ஒரு பொம்மைகூட வெடிக்கவில்லை. ஆகவே திரையில் எழுத்து மின்னினால் அது சத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஜோசியன் பொய் சொல்லுவான்யா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஊரும் அதானே என்றது. மனிதன் சொன்னால் சந்தேகப்படுகிற பொய்யை, அதே மனிதன் ஒரு டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். எவ்வளவு முன்னேறிவிட்டோம் பாருங்கள்!

பிரபாகர்ஜியின் முறை இதுதான். ஆசிரியர்களின் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். திரையில் கட்டம் கட்டமாகக் காலண்டர் விரியும். வகுப்பறையும் ஆசிரியரும் பொருந்தினால் அந்தக் கட்டம் பச்சை. கிரகங்கள் முட்டிக்கொண்டால் சிவப்பு. சிவந்த ஆசிரியர் பரிகாரப் பூஜைக்குப் பணம் கட்டினால் மறுநாள் பச்சையாகிவிடும். இதில் ஒரு கடுமையான விதி உண்டு. சிவப்புக் கட்டத்தை யாரும் தொடக்கூடாது. மவுஸ் அம்பைக்கூட அதன் மேல் கொண்டுபோகக்கூடாது. தொட்டால் அந்தத் தோஷம் தொட்டவரின் விரல் வழியாக வீடு வரைக்கும் வந்துவிடும்.

முதல் நாளே அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டதாம். "இந்த ஸ்கூல்ல பாதிப் பேருக்கு மேல ஜூன் ஒண்ணாம் தேதி பொறந்திருக்காங்க! அத்தன பேருக்கும் ரிஷபத்துல சூரியன்! ஆயிரம் வருஷத்துக்கு ஒருக்காதான் இப்படிச் சேரும்!" என்றார். தாளாளரும் ஜூன் ஒன்றுதான். அவருக்கு ராஜயோகம் என்று சொல்லப்பட்டது. மனிதர் அன்றைக்கு எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு பள்ளிக்கூடம் நடந்த அழகைச் சொல்லவேண்டும். என் கடையில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். எட்டாம் வகுப்பு ஈசானிய மூலைக்குப் போகவேண்டும் என்றதால் மோட்டார் ரூமுக்குள் பாடம் நடந்தது. சூரிய ஓரை என்று உச்சிவெயிலில் பிள்ளைகளுக்கு டிரில். கெமிஸ்ட்ரி லேபில் தமிழ் இலக்கணம். கெமிஸ்ட்ரி வாத்தியார் கோகுலகிருஷ்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று, இல்லாத ஆசிட்டை இல்லாத குடுவையில் ஊற்றிக்காட்டினார். மங்கலம்பேட்டையிலிருந்து வரும் பி.டி. மாஸ்டர் உமர் பாரூக் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது, "நீங்களுமா பாய்?" என்று கேட்டேன்.

"எங்க வூட்ல இதெல்லாம் பாக்க மாட்டோங்க" என்றார் வெட்கத்தோடு. "ஆனா கம்ப்யூட்டர்ல செவப்பா காட்டுதே. எதுக்கு வம்புன்னு கட்டிட்டேன்."

மதங்களுக்கு இடையில் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

கட்டாதவர் ஒரே ஒருவர்தான். கணக்கு டீச்சர் அம்புஜவல்லி. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கோயிலுக்குப் போகிறவர், விரதம் இருக்கிறவர். ஆனால் கூட்டல் கழித்தலில் யாரும் தன் காதில் பூச்சுற்றுவதை ஒப்புக்கொள்ளாதவர். "என் சாமிக்கு நானே கும்பிட்டுக்குவேன். லேப்டாப்புக்கெல்லாம் கும்பிட முடியாது" என்றுவிட்டார். அவ்வளவுதான். பத்து 'பி'யில் அவருடைய கட்டங்கள் எல்லாம் இரத்தச் சிவப்பாகிவிட்டன. அவர் வகுப்புக்குள் கால் வைக்கக்கூடாது என்று தாளாளர் உத்தரவு போட்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து என் மகளுக்குக் கணக்குப் பாடமே நடக்கவில்லை. அந்த நேரத்தில் அறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வராண்டாவில் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். முக்கோணவியலில் பாதியில் நிற்கிறாள். ஒரு ராத்திரி சாப்பிடாமல் அழுதாள். "அப்பா, எனக்குக் கெரகம் சரியில்லையாப்பா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லேப்டாப்பை ஜெராக்ஸ் மிஷினில் வைத்து நசுக்கியிருப்பேன்.

கடைசியில் பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். பத்து 'பி'யின் தோஷத்துக்குக் காரணமான ஆசிரியரை அன்றைக்கே வேலையை விட்டு நீக்கப்போவதாகத் தகவல். பள்ளி ஹாலில் நிற்க இடமில்லை. சூளைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை, அதன் கீழே மேசையில் லேப்டாப், லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழ மாலை. திரையில் அம்புஜவல்லியின் கட்டங்கள் வரிசையாகச் சிவந்து நின்றன. கூட்டம் உச்சுக்கொட்டியது.

"பாருங்க" என்றார் பிரபாகர்ஜி உருக்கமாக. "எனக்கு இந்தம்மா மேல கோவம் இல்ல. சனி சொல்றாரு, நான் காட்டறேன்."

"நீ ஏதாவது சொல்றியாம்மா?" என்றார் பழமலைநாதன்.

அம்புஜவல்லி எழுந்தார். குரல் லேசாக நடுங்கியது. வேலை போகிறதென்றால் யாருக்குத்தான் நடுங்காது?

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. இங்க இருக்கற ஸ்டாஃப்ல, சர்டிபிகேட்டுல போட்டிருக்கற தேதியிலயே நெஜமா பொறந்தவங்க மட்டும் கைய தூக்குங்க."

புதிதாகச் சேர்ந்த இரண்டு இளவட்ட டீச்சர்கள் மட்டும் கையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அசடு வழியச் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறபோது வயசு போதாது என்று ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்த தேதியை எழுதிக்கொண்ட தலைமுறை அது. பள்ளி திறக்கிற மாதம் ஜூன். அவருக்குச் சுலபமாக வாயில் வந்தது ஒன்றாம் தேதி.

"ஐயா, நீங்க?" என்றார் அம்புஜவல்லி.

பழமலைநாதன் நெளிந்தார். "நானா? எங்கம்மா சொல்லும். ஐப்பசி அடமழையில, மணிமுத்தாறு ரெண்டு கரையும் பொரண்டு ஓடறப்ப பொறந்தேன்னு."

"அப்ப ஜூன் ஒண்ணு?"

"அது எங்க வாத்தியார் போட்டதும்மா."

ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை சேருகிற கிரகங்களைச் சேர்த்து வைத்தவர் ஓர் ஆரம்பப்பள்ளி வாத்தியார்! பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். நான்தான்.

ஆனால் ஜி அசருகிற ஆளா? இரண்டு கையையும் தூக்கினார். "அதான் சொல்றேன்! தப்பான தேதி குடுத்தா கெரகத்துக்குக் கோவம் வருமா வராதா? தோஷமே அங்கதான்! எல்லாரும் நெஜத் தேதி எழுதிக் குடுங்க. புதுசா ஒரு பூஜை போட்டுரலாம்!"

நம்புவீர்களா? கூட்டம் தலையாட்டியது! என் பக்கத்தில் நின்ற கொளஞ்சி, "அதுவும் சரிதாண்ணே" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்புஜவல்லி நேராக மேடையில் ஏறினார். எலுமிச்சம்பழ மாலையை ஒதுக்கிவிட்டு மவுஸைப் பிடித்தார்.

"என்னம்மா பண்ற! தொடாத!" பிரபாகர்ஜியின் குரல் கீச்சிட்டது. "தோஷம் ஒட்டிக்கும்!"

"எனக்குத்தான் ஏற்கெனவே ஒட்டிக்கிச்சின்னு சொல்றீங்களே. இன்னும் என்னா ஒட்டப்போவுது?"

சிவப்புக் கட்டத்தின் மேல் அமுக்கினார். முன்வரிசைப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கூரை இடியவில்லை. மின்சாரம்கூடப் போகவில்லை. எங்கள் ஊரில் அதுவே ஓர் அற்புதம். திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அம்புஜவல்லி அதைச் சத்தமாகத் தமிழில் படித்துக்காட்டினார்: "இந்த அறை இந்த நேரத்துக்கு ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது. பதிவு செய்தவர், பிரபாகரன்."

அடுத்த சிவப்பை அமுக்கினார். பதிவு செய்தவர், பிரபாகரன். அதற்கு அடுத்தது. பிரபாகரன். பத்து 'பி' அறையில் கணக்கு வகுப்பு வருகிற நேரத்தில் எல்லாம் சனி பகவான் இல்லை, இந்த ஆள் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு நேரம் அவர் என்று சொல்லிவந்தேன். இனிமேல் அவன்தான்.

"ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்க இல்ல, அதாங்க இது" என்றார் அம்புஜவல்லி. இப்போது குரலில் நடுக்கம் இல்லை. "ஸ்கூலுங்களுக்குன்னே விக்கற காலண்டரு சாப்ட்வேர். ஒரே ரூமுக்கு ஒரே நேரத்துல ரெண்டு பேர போட்டா செவப்பா காட்டும். ரெண்டு வகுப்பு முட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. இவரு ரூம தன் பேருல புடிச்சி வெச்சிக்கறாரு. காசு வந்ததும் துண்ட எடுத்துடறாரு. பச்சையாயிடுது. பூஜையே இல்லாம நான் மாத்தறேன், பாருங்க."

தன் வகுப்பைப் பக்கத்து அறைக்கு இழுத்து விட்டார். பச்சை. திரும்பப் பத்து 'பி' அறைக்கே கொண்டுவந்தார். சிவப்பு. பிரபாகரனின் பதிவை அழித்தார். பச்சை. தேங்காய் இல்லை, கற்பூரம் இல்லை. ஹாலே எழுந்து நின்றது.

"சர்வர்ல ஏதோ பிரச்சன" என்று முனகிக்கொண்டே பிரபாகரன் மேடையின் பின்பக்கமாக இறங்கினான். அங்கே கோகுலகிருஷ்ணன் நின்றார். முன்பக்கம் வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு உமர் பாரூக் நின்றார், வாயில் விசிலோடு.

"எங்க ஜி கெளம்பிட்டீங்க? ஒக்காருங்க. ராகு காலம் முடியட்டும்."

பழமலைநாதன் முகம் சூளையில் வைத்த செங்கல் மாதிரி ஆகிவிட்டது. "ஏன்யா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு ஊரு பூரா சொன்னேனேய்யா" என்று அவன் சட்டையைப் பிடித்தார்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லலீங்க ஐயா" என்றார் அம்புஜவல்லி. "அது மொத நாள்லேருந்து உண்மையத்தான் எழுதி வெச்சிருந்துது. நாமதான் தொறந்து படிக்கல."

போலீசுக்குப் போன் போனது. தாளாளர் கையைக் கூப்பிக்கொண்டு, பத்து 'பி'க்கு உடனே போகும்படி அம்புஜவல்லியிடம் கேட்டுக்கொண்டார். வராண்டாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அறைப் பூட்டைத் திறந்ததும் உள்ளே ஓடினார்கள். என் மகள் முதல் பெஞ்சில் இடம் பிடிப்பதை ஹால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருப்பேன். அம்புஜவல்லி மேடையிலிருந்து இறங்குகிறார். எதிரே கொளஞ்சி கைகூப்பி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை. அந்த வரிசையில் ஒருத்தர், லேப்டாப்பிலிருந்து கழற்றிய எலுமிச்சம்பழ மாலையைக் கையில் வைத்திருக்கிறார்.

"டீச்சர்" என்றாள் கொளஞ்சி பயபக்தியோடு. "ஒங்க வெரலு ராசியான வெரலு டீச்சர். தொட்டதும் தோஷம் போயிடுச்சே! என் பையன் பேருலயும் ஒருக்கா வெச்சி அமுக்கி விடுங்க டீச்சர், நல்லாருப்பீங்க."

அம்புஜவல்லி அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். அத்தனை நேரம் ஜியிடம் வராத கோபம் அப்போதுதான் அவர் முகத்தில் வந்தது.

"என் வெரல வுடுங்க. ஒங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குதே, அத எவன் பேருல எழுதி வெச்சிருக்கீங்க? மொதல்ல போயி அத திருப்பி வாங்குங்க!"

சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பத்து 'பி'க்குப் போனார். கணக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.