டர்போ அனுமதி

1984 டிசம்பரில் திருச்சி பாலக்கரை மெக்கானிக் தைரியராஜ், தம் வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவை எடுக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் சோழவரத்தில் கார் பந்தயம். அவரிடம் ஒரு பழைய பியட்டும், துறைமுக ஏலத்தில் எடுத்த ஒரு டர்போவும் இருந்தன. டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. வயது ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது, ஒருமுறையாவது ஜெயித்துப் பார்த்துவிட வேண்டும்.

டர்போவுக்கு ஏற்ற எஞ்சினின் கொள்ளளவு எத்தனை சிசி? ஆயிரத்து நூறா, இரண்டாயிரமா? சின்னதில் டர்போ தாமதமாக விழிக்கும், விழித்தால் பறக்கும். பெரியது உடனே இழுக்கும், ஆனால் பானெட் மூடாது. பத்து நாள் சோறு இறங்கவில்லை.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இவ்வளவு யோசிக்கலியே நீங்க" என்றாள் மனைவி ரோசரி.

"அதான் இப்ப யோசிக்கிறேன்."

ஆயிரத்து நூறு என்று முடிவானது. டர்போ பொருத்த அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனார். சூப்பிரண்டு அற்புதசாமி மனுவை மரியாதையோடு வாங்கினார்.

"எத்தனை சிசி?"

"ஆயிரத்து நூறுங்க. டர்போ ஊதினா ஆயிரத்தைந்நூறு மாதிரி வேலை செய்யும்."

"ஊதாதப்ப?"

"ஆயிரத்து நூறுதான் சார்."

அற்புதசாமி பேனாவை மூடினார். "மாறிக்கிட்டே இருக்கிற எண்ணை நிரந்தரப் பதிவேட்டுல எப்படிங்க எழுதுறது? வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா, விருந்தாளி வந்தா ஏழு, வராட்டி நாலுன்னா சொல்வீங்க?"

"அப்படித்தான் சார் சொல்வேன்."

"ரேஷன் கார்டுல சொல்ல முடியாது."

ஜனவரி கடைசியில் உத்தரவு வந்தது. 'மேற்படி வாகனத்துக்கு டர்போ அனுமதி இதன்மூலம் வழங்கப்படுகிறது. கொள்ளளவு மாறாதிருக்கும் பொருட்டு, மேற்படி டர்போ வாகனத்துக்கு வெளியே பத்திரமாக வைக்கப்பட வேண்டும். எனினும் பொதுமக்கள் அறியும் வண்ணம், பின்புறம் டர்போ என ஆறு அங்குல எழுத்தில் எழுதப்பட வேண்டும்.'

"டர்போ இல்லாத டர்போ வண்டியா சார்?" என்று அற்புதசாமியிடம் போய்க் கேட்டார்.

"அனுமதி இருக்குல்ல? அதுகூட இல்லாம எத்தனை பேர் சுத்துறான் தெரியுமா?"

டர்போவைப் பட்டறை மேஜையில் வைத்துவிட்டு சோழவரம் போன தைரியராஜ் பந்தயத்தில் கடைசியாக வந்தார். திருச்சியில் யாரும் முடிவைக் கேட்கவில்லை. வண்டியின் பின்னால் இருந்த சிவப்பு எழுத்தைத்தான் பார்த்தார்கள். ஸ்ரீரங்கம் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், முசிறியிலிருந்து வாழைத்தார் லாரி வந்தது.

"எனக்கும் டர்போ போட்டுக் குடுங்க."

"இதுல டர்போ இல்லைங்க. எழுத்து மட்டுந்தான்."

"எழுத்துதாங்க கேக்குறேன்."

எழுதிக்கொண்டு போனவர்கள், இழுவை கூடிவிட்டதாக மறுநாளே வந்து சொன்னார்கள். ஏப்ரலில் அற்புதசாமி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சின்னதா எழுதுங்க. உத்தியோகத்துல இருக்கேன்." அடுத்த வாரம் வழியில் பார்த்தபோது, "பாலத்து ஏத்தத்துல இப்ப வண்டிக்கு மூச்சு வாங்கலைங்க" என்றார்.

தைரியராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலம் ரோசரியை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தில் போகும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. வேகமானியின் முள் நாற்பதைத் தாண்டியது. முதுகை யாரோ தள்ளினாற்போல் இருந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"உனக்கு ஏதாவது தெரியுதா?"

ரோசரி கதவின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போங்க. சிசி ஏறிடப் போகுது."