கே-க்கு உண்மை என்று வைத்துக்கொள்வோம்

"கே-க்கு இது உண்மைன்னு வச்சுக்குவோம்" என்று அன்பரசன் சொன்னதுமே இராமலிங்கம் கையை நீட்டி மறித்தார்.

"நில்லு தம்பி. யாரைக் கேட்டு வச்சுக்கிறது?"

டியூஷன் வாத்தியார் அன்பரசன் சாக்பீஸைப் பலகையில் ஊன்றியபடியே திரும்பினார். "யாரையும் கேக்க வேணாங்க. கணக்குல அப்படித்தான்."

"உண்மையா பொய்யான்னு நிரூபிக்கத்தானே உன்னைக் கூப்ட்டிருக்கோம்? அதையே உண்மைன்னு வச்சுக்கிட்டா அப்புறம் இன்னாத்துக்கு டியூஷன்?"

ஆர்த்தி நோட்டை மூடினாள். "நான் காபி எடுத்தாறேன்ப்பா" என்று கீழே இறங்கிப் போனாள்.

இராமலிங்கத்துக்குக் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் கீழே மெஸ், மேலே வீடு. நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நாலாவது வரைக்கும் சொல்லிக்கொடுத்ததிலும் பாதியை அவர் நம்பவில்லை. பால்காரன் கேனுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தவனின் இலையை எட்டிப் பார்த்து, "மூணாவது இட்லிதானே அது?" என்று கேட்பார். படித்தவன் ஒருத்தன் 'வைத்துக்கொள்வோம்' என்று ஆரம்பித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதில் தப்பும் இல்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் அவர் போவதில்லை. ஒருமுறை போய், பீஸ் ரசீதை வெயிலில் தூக்கிப் பிடித்து அசல்தானா என்று பார்த்ததில் தலைமை ஆசிரியைக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆர்த்தியின் படிப்பு விஷயம் எல்லாம் அவர் சம்சாரம் சரோஜாவின் பொறுப்பு.

அந்தச் சரோஜாதான் கார்த்திகை மாதம் ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆர்த்தி கணக்குல ரொம்ப வீக்காம். ப்ளஸ் ஒன்னுல கோட்டை விட்டான்னா படிப்பை நிறுத்திட்டு எங்க அண்ணன் பையனுக்குக் கட்டி வச்சுட வேண்டியதுதான்."

கீழ்பென்னாத்தூர் அண்ணன் சக்கரபாணி ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "நம்ம மாப்ளே வீட்டு சாம்பார்ல முகம் பார்த்துத் தலை சீவலாம்" என்று சொன்னவர். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டுக்குப் பெண் கொடுப்பதைவிட மெஸ்ஸுக்குப் பூட்டுப் போட்டுவிடலாம் என்பது இராமலிங்கத்தின் முடிவு.

"டியூஷன் வை" என்றார்.

"வயசுப் பையன்தான் கெடைச்சிருக்கான். நீங்களும் கூடவே உக்காந்துக்குங்க. ஆறுலேர்ந்து எட்டு. கல்லாவை நான் பாத்துக்கறேன்."

அவள் சொல்லாவிட்டாலும் அவர் உட்கார்ந்திருப்பார்.

கணக்கு இதுதான். ஏழை ஏழாலேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் பெருக்கு. வருவதில் ஒன்றைக் கழி. மிச்சம் ஆறால் மீதியில்லாமல் வகுபடும். கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிரூபி.

"எத்தனை தடவை வேணும்னாலுமா?" என்றார் இராமலிங்கம்.

"ஆமாங்க."

"நூறு தடவை?"

"நூறுக்கும் வரும்."

"நீ பார்த்தியா?"

அன்பரசன் சாக்பீஸைக் கை மாற்றினார். "பார்க்கலைங்க. அதுக்குத்தான் இந்த முறையே."

"பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ல ஒரு முறையா? நம்ம காசி கூட அப்படித்தான் சொல்றான், கேஸ் சிலிண்டரை மூடிட்டேன்னு."

காசி அவருடைய மெஸ்ஸில் சமைக்கும் சரக்கு மாஸ்டர். அவனைக் கூப்பிட்டு ஒரு படி மல்லாட்டைப் பயறு கொண்டுவரச் சொன்னார். வேர்க்கடலை என்று டவுன்காரர்கள் சொல்வார்கள்; ஊருக்கு அது மல்லாட்டைதான்.

ஏழில் ஒன்று போனால் ஆறு. சரி. நாற்பத்தொன்பதில் ஒன்று போனால் எட்டு ஆறு. சரி. அடுத்தது முந்நூற்று நாற்பத்து மூன்று. அவரே எண்ணி, ஒன்றை எடுத்து ஓரம் வைத்து, பாக்கியை ஆறு ஆறாகக் கூடம் முழுக்கக் கூறு கட்டினார். கடைசிக் கூறில் நாலுதான் இருந்தது.

"பாத்தியா. மூணாவதுக்கே ஊத்திக்கிச்சு."

அன்பரசனுக்கு வியர்த்துவிட்டது. "சான்ஸே இல்லீங்க. திரும்ப எண்ணலாம்."

கூறுகளைத் திரும்ப எண்ணினார்கள். அப்போதும் நாலுதான். புத்தகத்தில் அச்சடித்ததே தப்பு என்று வேங்கிக்கால் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதாக இராமலிங்கம் எழுந்துவிட்டார். காபி டம்ளர் எடுக்க வந்த காசி வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, நீங்க எண்ணி வச்ச குவியல்லேர்ந்து, வறுத்ததா பச்சையான்னு பாக்க ரெண்டு வாயில போட்டேன்."

அன்று காசிக்கு மாடி ஏறத் தடை விழுந்தது.

நாலாவதற்கு இரண்டாயிரத்து நானூற்றொன்று வேண்டும். இரண்டு சாயங்காலம் பிடித்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. "நான் கீழயே படிச்சுக்கறேன்ப்பா" என்று ஆர்த்தி போய்விட்டாள். மெஸ்ஸில் மல்லாட்டைச் சட்னி நின்றது. கணக்கு மட்டும் சரியாக வந்தது.

"நாலுக்கு வந்துச்சு. ஒத்துக்கறேன். அஞ்சுக்கு?"

அன்பரசன் சாக்பீஸை வைத்துவிட்டு எழுந்தார். "ஐயா, நான் எம்.எஸ்சி. படிச்சவன். பயறு எண்ண வரலை." விடுவிடுவென்று இறங்கினார். கீழே சரோஜா ஏதோ சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவரே ஏறி வந்து, "சரிங்க, எண்ணலாம்" என்று உட்கார்ந்தார். இந்த மாதிரி அவர் மூன்று தடவை இறங்கினார், மூன்று தடவை ஏறினார். வெட்கம் கெட்டவன் என்று இராமலிங்கம் நினைத்துக்கொண்டார்.

அஞ்சாவதற்குப் பதினாறாயிரத்துச் சொச்சம். மூட்டையாகத்தான் வாங்க வேண்டும். கீழ்பென்னாத்தூரில் போய் யாரிடமாவது வாங்கி வா என்று காசியை அனுப்பினார். காசி நேரே சக்கரபாணி வீட்டுக்குப் போய் நின்றான். சக்கரபாணி காசு வாங்காமல் மூட்டையை ஏற்றிவிட்டு, கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார்.

"மாப்ளே மனசு எறங்கி வந்துட்டார்னு சந்தோஷமாம். பாப்பா பரீட்சையில போச்சுன்னா உடனே தட்டோட வந்துடறாராம்" என்றான் காசி.

இராமலிங்கம் மூட்டையைப் பார்த்தார். பங்குனியில் பரீட்சை. பெண் பாஸாகாவிட்டால் சாம்பாரில் தலை சீவுகிறவன் சம்பந்தி.

"தம்பி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அது இன்னா முறைன்னு சொல்லு. ஆனா வச்சுக்குவோம்னு மட்டும் சொல்லாத."

அன்பரசன் மூட்டையைப் பிரிக்க விடவில்லை. அதன் மேல் கையை வைத்தார்.

"இந்த மூட்டையை ஆறு ஆறா கூறு கட்டினா ஒண்ணு மிஞ்சும்னு..."

"பார்த்தியா, திரும்பவும் அங்கதான் போற."

"இருங்க. காசி வந்தாத்தான் காலையில இட்லி. அப்படின்னா காசி வந்துட்டான்னு அர்த்தமா?"

"அவன் எங்க வரான்."

"அதான். வந்துட்டான்னு நான் சொல்லலை. வந்தா இன்னா ஆகும்னுதான் கேக்கறேன். இதுல ஒண்ணு மிஞ்சினா, இதை ஏழால பெருக்கி வர்ற ஏழு மூட்டையில எவ்ளோ மிஞ்சும்?"

"மூட்டைக்கு ஒண்ணு. ஏழு."

"அதுல ஒண்ணைக் கழிச்சுடுங்க."

"ஆறு." இராமலிங்கம் நிறுத்தினார். "அது ஒரு கூறு."

"மீதி?"

"மீதி ஏது?" அவர் மெல்ல மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணுக்கு நான் கண்ணால பார்த்தேன். ஒண்ணு வந்தா ரெண்டு வரணும். ரெண்டு வந்தா மூணு. பிரிச்சே பார்க்க வேணாம். அட, நூறுக்கும் வருதே."

"அதாங்க கே. அடுத்தது கே கூட ஒண்ணு."

"இதை மொதல்ல சொல்றதுக்கு இன்னாய்யா?"

அதற்கப்புறம் இராமலிங்கம் அடங்கவில்லை. பதினொன்றுக்குப் பத்து, அஞ்சுக்கு நாலு என்று தானே புதுசு புதுசாகக் கணக்குப் போட்டு, வாத்தியாரை உட்கார வைத்துப் பலகையில் தானே எழுதினார். எட்டு மணி ஆகியும் விடவில்லை. கீழே தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் ஜாஸ்தியாகக் கேட்டன. "சத்தம் போடாதீங்கய்யா, படிக்கறோம்" என்று படியில் நின்று அதட்டிவிட்டு வந்தார்.

பரீட்சை அன்றைக்குப் பௌர்ணமி. ஆர்த்தி விடிவதற்குள் புறப்பட்டுப் போய்விட்டதாகச் சரோஜா சொன்னாள்.

"நீங்க போய் ஸ்கூல் கேட்டாண்ட நில்லுங்க. வெளிய வரும்போது அப்பா மூஞ்சியப் பார்த்தா பொண்ணுக்குத் தெம்பா இருக்கும்."

"கிரிவலக் கூட்டம் வருமே. கம்மியா ஆளை வச்சுக்கிட்டு..."

"நாங்க சமாளிச்சுக்கறோம். போங்க."

போனார். கேட்டுக்கு எதிரில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவளுக்கு ஒன்றிலிருந்து நூறு வரை நிரூபித்துக் காட்டினார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போய்விட்டாள். மணி அடித்தது. பிள்ளைகள் கலகலவென்று வெளியே வந்தார்கள். பின்வீட்டு ஓவியா கண்ணில் பட்டாள்.

"ஓவியா, ஏழு கணக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு பெரியப்பா. ஆறால வகுபடும்னு நிரூபிக்கணும். பத்து மார்க்."

இராமலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சக்கரபாணி தட்டோடு திரும்பிப் போவது தெரிந்தது.

"நம்ம ஆர்த்தி எங்க? கே-க்கு உண்மைன்னு வச்சுக்கிட்டுத்தானே ஆரம்பிச்சா?"

ஓவியா அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆர்த்தி ஹிஸ்டரி குரூப் பெரியப்பா. அவளுக்குக் கணக்குப் பாடமே கெடையாது."

"அப்ப அந்த டியூஷன்?"

"அது உங்களுக்கு வச்சது பெரியப்பா. சாயங்காலம் நீங்க மாடி ஏறினப்புறம்தானே எங்க தெருவே உங்க மெஸ்ஸுக்குச் சாப்பிட வருது."